எம் எழுத்தில் அம்மா

அர்ரோயோ பர்தோ நகராட்சியின் நல்லடக்க இயக்ககம், ஊரில் இறந்துபோனவர்களை நவீனப்படுத்துவது என்று அந்த வசந்தகாலத்தில் முடிவுசெய்தது. உயிரோடு இருப்பவர்களை நவீனப்படுத்தும் பணி முந்தைய ஆண்டே வெற்றிகரமாக நிறைவேறிவிட்டதாக அறிவிக்கப்பட்டிருந்ததால், மிச்சம் இருந்தவர்கள் அவர்கள்தான்.

முதல் அடியாக எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போனது.

"அன்புள்ள குடிமக்களே! கல்லறைச் சுவரில் உங்கள் குடும்பத்தார் குடியிருக்கும் மாடங்களுக்குப் புதிய குறியீடு வழங்கப்பட்டுள்ளது. கீழே உள்ள எழுத்துகளில் உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்தைச் சொடுக்கவும். உங்கள் இறந்தவர் தோன்றுவார். அவருக்கு நேரே உள்ள குறியீட்டை நவம்பர் மாத முடிவுக்குள் எங்களுக்குத் திருப்பி அனுப்பவும். அனுப்பாதவர்களின் மாடம் கேட்பாரற்றதாகக் கருதப்படும். உள்ளே இருப்பவர் பொது எலும்பறைக்கு மாற்றப்படுவார். மகிழ்ச்சியான நாளாக அமையட்டும்!"

கீழே எல்லா எழுத்துகளும் அழகான நீல நிறத்தில் வரிசையாக நின்றன.

வால்டெமார் மெதேரோஸ் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. கடைசிவரை அம்மாவோடு இருந்தார். அம்மா எர்மெலிந்தாவுக்குச் சாவைப் பற்றி ஒரே ஒரு பயம்தான் இருந்தது. "ஆத்துல வெள்ளம் வந்தா கீழ் வரிசையில தண்ணி ஏறிடும்டா. என்னை மேல வை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் போனதும் மகன் அலைந்து திரிந்து, மூன்றாம் வரிசையில் ஒரு மாடம் வாங்கி அதில் வைத்திருந்தார்.

வால்டெமார் தலை சீவிக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தார். அம்மா விஷயம் என்பதால் சட்டையையும் மாற்றியிருந்தார். மெதேரோஸின் முதல் எழுத்தான 'எம்' (M) எழுத்தைச் சொடுக்கினார்.

வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. "வருக, ஃபப்ரிசியோ! உங்கள் கடவுச்சொல்லை இடவும்" என்றது.

அடுத்தவர் குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர் போல அவர் பதறி அதை மூடினார். மறுபடி சொடுக்கினார். மறுபடியும் ஃபப்ரிசியோவுக்குத்தான் வரவேற்பு. மறுநாள் காலை, கை நடுங்காமல் இருக்கட்டும் என்று மாத்தே தேநீர் குடிக்காமலே முயன்று பார்த்தார். பயனில்லை.

நடந்தது இவ்வளவுதான். நல்லடக்க இயக்குநர் ஃபப்ரிசியோ ரொசதில்லா அந்தப் பட்டியலைத் தன் கணினியில் ஒரு பக்கமாகத் தயாரித்தார். மேலே எழுத்துகள், கீழே பெயர்கள். எழுத்தைத் தொட்டால் பெயருக்குப் போகும். பக்கம் மிக நீளமாக இருந்ததால் மேற்பகுதியை மட்டும் நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிட்டார். எழுத்துகள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அவை போய்ச் சேரவேண்டிய இடம் மட்டும் அவருடைய மேசையிலேயே தங்கிவிட்டது.

இது வால்டெமாருக்குத் தெரியாது. தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தலைநகர் மொந்தேவிதேயோவிலிருந்து தங்கை கிளெண்டா கூப்பிட்டாள்.

"அண்ணா, அம்மா விஷயமா ஏதோ மெயில் வந்துச்சாமே? எனக்கு வரவே இல்ல. முடிச்சிட்டியா?"

"முடிச்சாச்சு."

"அதானே! நீ இருக்கறப்போ எனக்கு என்ன கவலை?"

போனை வைத்த பிறகு அவர் காது சூடாக இருந்தது.

மறுநாள் காலை எல்பியோவின் பேக்கரியில் ரொட்டி வாங்கப் போனார். எல்பியோ பள்ளிக்கூடத்திலிருந்து கூடப் படித்தவர். வாய் சும்மா இருக்காது.

"என்னப்பா, கிளிக் பண்ணியாச்சா?"

"பண்ணாம? நீ?"

"தொட்டதும் எங்கப்பா வந்து நின்னுட்டாரு. வெண்ணெய் மாதிரி."

"எங்கம்மாவும் அப்படித்தான்" என்றார் வால்டெமார்.

பிறகு இருவரும் கண்ணாடிப் பெட்டியிலிருந்த ரொட்டிகளை வெகுநேரம் ஆராய்ந்தார்கள்.

அந்த வாரமே வால்டெமார் நகராட்சிக்குத் தொலைபேசினார். குரலைச் சற்று மாற்றிக்கொண்டார். எடுத்தது மாபெல் என்ற எழுத்தர்.

"கிளிக் பண்ணீங்களா, சார்?"

"பண்ணேம்மா."

"இடது பக்கமா, வலது பக்கமா?"

"இடது பக்கம்."

"ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"முதல்ல ஒரு தடவை. அப்புறம் நிறைய தடவை."

"நிறைய தடவை பண்ணக்கூடாது, சார். லிங்க் களைச்சுப் போயிடும்னு இயக்குநர் சொல்லியிருக்காரு. இங்க குறிப்புல என்ன எழுதட்டும்? 'தெரியல'ன்னா, 'முடியல'ன்னா?"

அவர் யோசித்தார். "முடியலைன்னு எழுதுங்க."

"வயசு?"

"ஐம்பத்தெட்டு."

"அப்ப தெரியலைன்னு எழுதிடறேன். குரலை மாத்திப் பேசறீங்களே, தொண்டை சரியில்லையா, வால்டெமார் சார்?"

தெரிந்துபோய்விட்ட பிறகு ஒளிவதில் அர்த்தமில்லை என்று நேரிலேயே போனார். இயக்குநர் ரொசதில்லா ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கியபடி, மாத்தே குடுவையை உறிஞ்சிக்கொண்டே வரவேற்றார். நாற்பது வயது இருக்கும். கம்பளிச் சட்டையைத் தோளில் போட்டு அதன் கைகளை முன்னால் முடிச்சிட்டிருந்தார்.

"திறக்கலைங்கறீங்க. உக்காருங்க. இப்ப பாருங்க."

அவர் தன் கணினியில் 'எம்' எழுத்தைத் தொட்டார். திரை மதகு திறந்தது போல நழுவி ஓடி நின்றது. மச்சாதோ, மசியேல், மெதேரோஸ். மெதேரோஸ், எர்மெலிந்தா. மூன்றாம் வரிசை. பக்கத்தில் குறியீடு.

வால்டெமார் எழுந்து நின்றுவிட்டார். "அதான் சார்! அதான் எங்கம்மா! ஒரு துண்டுச்சீட்டு கொடுங்க, எழுதிக்கறேன்."

ரொசதில்லா திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அது தனிநபர் கவனிப்பு ஆயிடும், வால்டெமார் சார். அதைப் போன வருஷமே ஒழிச்சாச்சு. நான் பொறுப்புக்கு வந்த நாள்லேருந்து இந்த ஆபீசுல ஒருத்தருக்குக்கூட நேர்ல ஒரு உதவியும் செஞ்சதில்ல. தலைநகர்ல போய்ப் பெருமையா சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்ப நான் எப்படி சார் வாங்கறது?"

"மெயில்ல."

"மெயில்ல வரலையே."

"இங்க வருதே! நீங்களே கண்ணால பாத்தீங்களே. லிங்க் ஆரோக்கியமா இருக்கு. அப்ப குறை எங்க இருக்கு?"

இயக்குநர் அவருடைய வலதுகையைப் பார்த்தார். வால்டெமாரும் பார்த்தார். முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நவம்பர் நடுவில் இயக்ககம் ஒரு பெருந்தன்மையான அறிவிப்பு வெளியிட்டது. "முதிர்ந்தோருக்கான சொடுக்குப் பயிற்சி", சமூக மன்றத்தின் கூடத்தில், அனுமதி இலவசம். தன்னைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தாலே அதிகம் என்று நினைத்துக்கொண்டு, தொப்பியை முன்னால் இழுத்துவிட்டபடி வால்டெமார் போனார்.

கூடம் நிறைந்திருந்தது. மருந்துக்கடை யொலாந்தா, இரும்புக்கடைக்காரர், பள்ளித் தலைமையாசிரியை என்று ஊரே இருந்தது. மாலை வேளையில் நீதிபதி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். யாரும் தனக்காக வரவில்லை. எல்லோரும் யாருக்கோ துணையாக வந்திருந்தார்கள்.

"நான் மாமியாருக்காக வந்தேன்" என்றார் எல்பியோ.

எல்பியோவின் மாமியார் கல்லறைச் சுவரில் இரண்டாம் வரிசையில் இருக்கிறார் என்பது வால்டெமாருக்குத் தெரியும். "நல்லது" என்றார்.

பயிற்சி ஆட்காட்டி விரலை மடக்கி நீட்டுவதில் தொடங்கியது. பிறகு ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். பிறகு எழுத்துகளை நீல வண்ணத்தில் தீட்டிய ஒரு மரப்பலகையை நிறுத்தி, வரிசையில் வந்து தொடச் சொன்னார்கள். நீதிபதி 'என்' (N) எழுத்துக்குப் பதில் 'எம்' எழுத்தைத் தொட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார். கடைசியாக ரொசதில்லாவின் கணினியைத் திரைச்சீலையில் காட்டினார்கள். அதில் எல்லா எழுத்தும் வேலை செய்தது. கூடம் கைதட்டியது.

ரொசதில்லா ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! இணைப்பு எப்போதும் உடைவதில்லை. உடைவது நம்முடைய நம்பிக்கைதான். சிலர் கேட்கிறார்கள், பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டினால் என்ன என்று. ஒட்டலாம். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அப்புறம் இந்த இயக்ககம் எதற்கு? நான் எதற்கு? இத்திட்டம் மக்களிடம் எப்படி வரவேற்பு பெற்றிருக்கிறது தெரியுமா? மின்னஞ்சலின் அடியிலேயே 'புகார் செய்ய இங்கே சொடுக்கவும்' என்று வைத்திருக்கிறோம். இன்றுவரை ஒரு புகார்கூட வரவில்லை!"

மீண்டும் கைதட்டல்.

"இருந்தாலும் கேட்பது ஜனநாயகம். இங்கே யாருக்காவது திறக்கவில்லையா?"

கூடத்தில் ஒரு ஃபிளாஸ்க் மூடி திருகப்படும் சத்தம் மட்டும் கேட்டது.

வால்டெமார் கையைத் தூக்கவேண்டும் என்று நினைத்து வரவில்லை. ஆனால் மாதம் முடியப்போகிறது. எலும்பறை என்பது கல்லறையின் தாழ்ந்த மூலையில், ஆற்றைப் பார்த்திருக்கும் கிடங்கு. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அதன் கதவு வரை தண்ணீர் வரும். அம்மாவின் பெயரை அந்தத் திரையில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. எழுந்து நின்றார்.

"எனக்குத் திறக்கல" என்றார். "ஒரு நாளும் திறக்கல. வீட்டுலயும் திறக்கல, பஸ் ஸ்டாண்டுலயும் திறக்கல. தங்கச்சிகிட்ட முடிச்சிட்டேன்னு பொய் சொன்னேன்."

முகத்தில் அடுப்பு எரிவது போல இருந்தது.

"வேறு யாராவது?" என்று கேட்டார் ரொசதில்லா.

எல்பியோ குனிந்து காலணியின் கயிற்றைக் கட்டினார். அது கயிறில்லாத காலணி. யொலாந்தா கைப்பையில் எதையோ தேடினாள். நீதிபதியின் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று தெரியவில்லை.

"ஒருவர்! ஊரிலேயே ஒரே ஒருவர்!" ரொசதில்லாவின் குரல் தழுதழுத்தது. "தன் இயலாமையைச் சபையில் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவருக்கு ஒரு பலத்த கைதட்டல்!"

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். அதைத்தான் வால்டெமாரால் தாங்க முடியவில்லை.

நகராட்சி உடனே ஒரு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அலுவலகத்தின் ஐந்தாம் கவுன்டர் சன்னலில் "சொடுக்க இயலாதவர்" என்று ஒருமையில் பலகை மாட்டப்பட்டது. அந்த ஒருவர் மட்டும், தன் குடும்பத்தில் இறந்த அனைவரின் குறியீட்டையும் நேரில் கேட்டு அங்கேயே பதிவுசெய்துகொள்ளலாம். மற்றவர்கள் திறந்து பார்த்துவிட்டதாகக் கருதப்பட்டார்கள்.

வால்டெமார் பலகைக்குக் கீழே போய் நின்றார். பக்கத்து வரிசையில் தண்ணீர் வரி கட்ட வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாபெல் இழுப்பறையிலிருந்து அச்சிட்ட பட்டியலை எடுத்தாள். அது முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.

"மெதேரோஸ், எர்மெலிந்தா" என்று சொல்லி, படிவத்தில் குறியீட்டை எழுதி, முத்திரை குத்தினாள். "அம்மா இனி பத்திரமா இருப்பாங்க, சார்."

அவர் தலையாட்டினார். நிம்மதியாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அன்று மாலை பேருந்து நிலையத்தில் ஓர் ஓட்டுநர், "யோவ் வால்டெமார், டிக்கெட் மிஷினைத் தொட்டுடாதய்யா, பஸ்ஸே நின்னுடும்!" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் கூடத்தில் பந்து பிசைந்தவர்கள்.

இரண்டு நாள் கழித்து, மதிய உறக்க நேரத்தில், தெருவில் நாய்கூட இல்லாதபோது, பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. எல்பியோ நின்றார். கையில் பெரிய பொட்டலம் நிறைய ரொட்டி.

"உள்ள வரலாமா? யாரும் பாக்கலையே?"

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வால்டெமார் மாத்தே ஊற்றிக் கொடுத்தார்.

"எங்கப்பா நல்லவருப்பா. உனக்குத் தெரியும்" என்றார் எல்பியோ கடைசியில். "அவரை உனக்கு மாமான்னு சொல்லிடேன்."

"என்னது?"

"அந்த சன்னல் உனக்கு மட்டும்தான் திறக்குது. சொந்தக்காரங்க பேரெல்லாம் கேக்கலாம்னு தீர்மானத்துல இருக்கு. என்னோடதும் திறக்கல, வால்டெமார். முதல் நாள்லேருந்தே திறக்கல."

"அன்னைக்கு ஹால்ல நீயும் கையைத் தூக்கியிருக்கலாமே. நான் தனியா நின்னேனே."

"நான் பேக்கரி வச்சிருக்கேன்பா. கிளிக் தெரியாதவனுக்கு அடுப்பு மட்டும் தெரியுமான்னு கேக்க மாட்டாங்களா?" எல்பியோ தரையைப் பார்த்தார். "கைதட்டவும் தட்டினேன். மத்தவங்களை விடப் பலமா. அதுதான் தூங்க விடல."

வால்டெமார் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் கதவு தட்டப்பட்டது. யொலாந்தாவின் கணவர் அவருக்குச் சித்தப்பா ஆனார். தலைமையாசிரியையின் அத்தைகள் இருவரும் அவருடைய அத்தைகள் ஆனார்கள். நீதிபதி கறுப்புக் கண்ணாடியோடு வந்து, "இது சட்டப்படி தப்பு" என்று ஆரம்பித்து, தன் தாய் தந்தை இருவரையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். எல்லோரும் போகும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "வெளிய தெரிய வேணாம்."

மறுநாள் காலைகளில் வால்டெமார் பலகைக்குக் கீழே நின்று, "மாமா", "பெரியப்பா", "ஒன்றுவிட்ட அத்தை" என்று ஒப்பித்தார். மாபெல் தலைநிமிராமல் எழுதினாள். ஒருநாள் முத்திரை குத்தப் போனவள் நிறுத்தி, "ஒண்ணு விட்டுப்போச்சே, சார். உங்க பெரியம்மா" என்றாள். வால்டெமாருக்குப் பெரியம்மா கிடையாது. மாபெல் தன் சொந்தப் பெரியம்மாவின் பெயரை எழுதி, முத்திரையைக் குத்தினாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாதத்தின் கடைசிக்கு முந்தைய நாள் மதியம் வந்தது ரொசதில்லா. கம்பளிச் சட்டை இல்லை. ஃபிளாஸ்க்கும் இல்லை.

"திட்டம் ஜெயிச்சதுக்காக எனக்குப் புது கம்ப்யூட்டர் கொடுத்திருக்காங்க" என்றார்.

"நல்லது, சார்."

"பழசை எடுத்துட்டுப் போயிட்டாங்க." பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எங்கப்பா அனிபல் நாலாம் வரிசையில இருக்காரு. என் கையிலதானே இருக்குன்னு நான் அவர் குறியீட்டை எடுத்து வைக்கல. இப்ப 'ஆர்' (R) எழுத்தை அழுத்தினா கடவுச்சொல் கேக்குது. போட்டேன். நான் ஃபப்ரிசியோ இல்லைங்குது."

"மாபெல்கிட்ட லிஸ்ட் இருக்கே சார். உங்க ஆபீஸ்தானே?"

"சொடுக்க முடியாதவர் ஊர்ல ஒருத்தர்தான்னு தலைநகருக்கு அறிக்கை அனுப்பியாச்சு. நான் கையெழுத்துப் போட்டது. ரெண்டாவது ஆள் நானேன்னு எப்படிப் போய்ச் சொல்வேன்?"

இந்த மனிதனை ஒருநாள் இப்படிப் பார்க்கவேண்டும் என்று வால்டெமார் இரவுகளில் விரும்பியிருந்தார். இப்போது பார்த்தபோது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சமையலறைச் சுவரைப் பார்த்தார். தானும் ஏதோ தப்பு செய்தது போலக் கூச்சமாக இருந்தது.

"அப்பா பேரை எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்.

"யார்கிட்டயும்..."

"சொல்ல மாட்டேன், சார்."

மறுநாள் மாபெல் பெயரைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள். மாடிப்படிப் பக்கம், இயக்குநர் அறை இருக்கும் திசையில் ஒருமுறை பார்த்தாள்.

"என்ன உறவு, சார்?"

"மாமா."

"மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாக் கட்டமும் நிறைஞ்சுபோச்சு. படிவத்துல இடமே இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "அப்பா கட்டம் ஒண்ணுதான் காலி."

வால்டெமாரின் அப்பா, அவருக்கு இரண்டு வயதாகி, கிளெண்டா வயிற்றில் இருந்தபோது, சரக்குப் படகில் ஏறி ஆற்றைக் கடந்து போனவர், திரும்பவில்லை. அதன் பிறகு அம்மா ஊரார் கண்ணுக்கு முன்னால் ஒரு குறையும் சொல்ல இடமில்லாமல் வாழ்ந்து முடித்தாள்.

"வேற வழி இல்லையாம்மா?"

"இன்னைக்குக் கடைசி நாள், சார். யோசிச்சுச் சொல்லுங்க. இது பதிவேட்டுல ஏறிடும். நாளைக்கு யாராவது பாத்தா உங்கம்மாவைப் பத்தித்தான் பேசுவாங்க."

அவர் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ இருமினார்கள்.

"போடுங்க" என்றார்.

டிசம்பர் முதல் வாரத்தில் வெற்றி விழா நடந்தது. ஒரு மாடம்கூடக் காலி செய்யப்படவில்லை. ரொசதில்லா உரையாற்றினார். "எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு குடிமகனும் சொடுக்கினான்! சிரமப்பட்டவர் ஒரே ஒருவர், பாவம், அவருக்கு மிகப் பெரிய குடும்பம்" என்றார். கூட்டம் சிரித்தது. வால்டெமாரும் கைதட்டினார். ரொசதில்லா அவர் இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளெண்டா கூப்பிட்டாள். வழக்கமாக முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவாள். அன்று பேசவில்லை.

"அண்ணா, நகராட்சியிலேருந்து எனக்கும் ஒரு மெயில் வந்திருக்கு. வாரிசுங்க எல்லாருக்கும் அனுப்பறாங்களாம். 'மெதேரோஸ் குடும்பத்தின் அன்புத் தந்தை அனிபல் அவர்களின் நான்காம் வரிசை மாடம் உறுதிசெய்யப்பட்டது'ன்னு போட்டிருக்கு."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"யாரு அனிபல்?"

தெருவில் யாரோ மிதிவண்டியில் போனார்கள். அந்தச் சத்தம் முழுக்கத் தேய்ந்து முடியும்வரை வால்டெமார் காத்திருந்தார்.

"அப்பா படகுல போயிட்டாருன்னுதானே அம்மா சொன்னா?" கிளெண்டாவின் குரல் சின்னதாகிவிட்டது. "நம்ம ஊர்லயே, அதே சுவருல, அம்மாவுக்கு ஒரு வரிசை மேலயே ஒருத்தர் இருக்காராமே. அம்மா நம்மகிட்ட எதையாவது மறைச்சாளா, அண்ணா? உனக்குத் தெரியுமா?"

"அம்மா நல்லவ, கிளெண்டா."

"நல்லவதான். நான் அதையா கேட்டேன்? அந்தப் பேரு நீல எழுத்துல இருக்கு. விவரம் பாக்க அழுத்தச் சொல்றான். அழுத்தினா கடவுச்சொல் கேக்குது. எனக்குத்தான் வரலையோ என்னவோ. உனக்கும் அந்த மெயில் வந்திருக்குமே? நீ திறந்து பாத்தியா? யாருன்னு போட்டிருக்கு?"

வால்டெமார் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"எனக்கும் திறக்கல" என்றார்.

"அழுத்திப் பாத்தியா?"

"பாத்தேன்."

அந்த மின்னஞ்சலை அவர் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.